வீட்டு வலையமைப்பு: சென்னை மேற்குப் புறநகர் வீடுகளில் கம்பி வழி, கம்பியில்லா இணைப்பு

வீட்டு வலையமைப்பு என்பது ஒரு வீட்டிலுள்ள கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கேமரா முதலிய கருவிகளை ஒன்றோடொன்றும் இணையத்தோடும் இணைக்கும் ஏற்பாடு ஆகும். இதில் கம்பி வழி இணைப்பு, கம்பியில்லா இணைப்பு என இரு வகைகள் உண்டு. முன்னதை ஈதர்நெட் என்றும் பின்னதை வைஃபை என்றும் அழைக்கிறோம். விரைவான வீட்டு வலையமைப்புக்கு இரண்டும் தேவை. இடம் பெயராத கருவிகளுக்குக் கம்பியும், கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு வைஃபையும் பொருந்தும். இக்கட்டுரை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் காணப்படும் வீட்டமைப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. அரை கிரவுண்டு மனையில் கீழ்த்தளமும் மாடியும் உள்ள செங்கல் வீடு, மாடியில் ஒரு வாடகைப் பகுதி என்பது இங்குப் பரவலான அமைப்பு.

பின்னணி

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 2004-ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதைப் பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2023 ஜனவரியில் அந்த வரம்பு நொடிக்கு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. இன்று இப்புறநகர்களில் 100 மெகாபிட் இணைப்பு சாதாரணமாகிவிட்டது. தொலைபேசிச் செப்புக் கம்பியில் வந்த இணைப்பின் காலத்தில் வீட்டுக்கு வெளியே இருந்த கம்பிதான் தடையாக இருந்தது. ஒளியிழை வந்தபின் தடை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. வேகம் போதவில்லை என்று கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறும் பலருக்கு, பணம் செலவாகிறதே தவிர வேகம் மாறுவதில்லை. காரணம் பெரும்பாலும் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையில்தான் இருக்கிறது.

ஒரு வேடிக்கை. 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இப்போது பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன. டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் மையம் அங்கு 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். எனவே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரவு மையத்துக்கு ஒளி போய்வர ஒரு மில்லிநொடியில் சிறு பகுதி போதும். 2002-இல் செயல்பாட்டுக்கு வந்த சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிளில், சுமார் 3,200 கி.மீ. போய்த் திரும்பக்கூட 32 மில்லிநொடி அளவே ஆகும். ஆனால் இரண்டு சுவர் தாண்டிய வைஃபை, நெரிசலான மாலை நேரத்தில் அதைவிடக் கூடுதல் தாமதத்தை ஒரே வீட்டுக்குள் உண்டாக்கிவிடும்.

தெருவிலிருந்து வீட்டுக்குள்

இப்பகுதிகளில் வீடுகளுக்கு வரும் ஒளியிழை இணைப்புகளில் பெரும்பான்மை ஜிபான் என்ற தொழில்நுட்பத்தைச் சேர்ந்தவை. நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை, தெருக் கம்பத்திலுள்ள பெட்டியில் ஒளிப்பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. கீழ்நோக்கி நொடிக்கு 2.488 கிகாபிட், மேல்நோக்கி 1.244 கிகாபிட் என்பது அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு. அதை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. இழை முடியும் இடத்திலுள்ள சிறு பெட்டியை மக்கள் மோடம் என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது ஒளியை மின்குறியாக மாற்றும் கருவி. ரவுட்டர் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

அந்தப் பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்பதே பாதி வெற்றி. இணைப்புக் கொடுக்க வருபவருக்கு அன்று இன்னும் பல வீடுகள் இருக்கும். கம்பத்துக்கு அருகிலுள்ள ஜன்னல் வழியே இழையை இழுத்து, அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போவார். அது வீட்டின் ஒரு கோடி மூலையாக இருக்கும். வைஃபை அலையில் பாதி தெருவுக்குப் போகும். ஆகவே அவர் வருவதற்கு முன்பே, வீட்டின் நடுப்பகுதியில் ஓர் இடத்தைத் தீர்மானித்து, அங்கே மின் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவைப்பது நலம். இன்னும் பத்து மீட்டர் இழை இழுப்பதில் சிரமம் அதிகமில்லை. இழையைக் கதவிடுக்கில் நசுங்கவிடக் கூடாது. கூர்மையாக மடிக்கவும் கூடாது. மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத ஆரத்தில் வளைந்தால் போதும்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். ஒளி வந்தும் இணைப்பு அடிக்கடி அறுந்தால், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பெறப்படும் ஒளியின் அளவைப் பார்க்கலாம். அது டெசிபெல்-மில்லிவாட் என்ற அலகில் எதிர்மறை எண்ணாக இருக்கும். −15 முதல் −25 வரை நல்ல நிலை. −27-ஐ நெருங்கினாலோ அதற்கும் கீழே போனாலோ எங்கோ மடிப்பு அல்லது அழுக்குப் படிந்த முனை இருக்கிறது. புகார் செய்யும்போது இந்த எண்ணைச் சொன்னால், "ரவுட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பதிலோடு உரையாடல் முடிந்துவிடாது.

வேகத்தைச் சொல்லும் எண்கள்

திட்டத்தில் சொல்லப்படும் வேகம் மெகாபிட் கணக்கு. கோப்பு இறக்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. இது ஏமாற்று அல்ல, வகுத்தல் கணக்கு.

இன்னொரு எண் மிகவும் பயனுள்ளது. 200 அல்லது 300 மெகாபிட் திட்டம் எடுத்தும், வேகச் சோதனையில் எத்தனை முறை பார்த்தாலும் 94 அல்லது அதை ஒட்டிய எண்ணே வருகிறதா? அப்படியானால் வழியில் எங்கோ ஓர் இணைப்பு 100 மெகாபிட் வேகத்தில் இயங்குகிறது. ஈதர்நெட்டில் ஒவ்வொரு பொதியும் கம்பியில் 1,538 பைட் இடத்தைப் பிடிக்கும்போது அதில் நம் தரவு 1,450 பைட் அளவே. மீதி முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி ஆகியவற்றுக்குப் போகிறது. இந்த விகிதத்தில்தான் 100 என்பது 94 ஆகிறது. 1,000 மெகாபிட் இணைப்பில் இதே கணக்கு 940 தரும். ஆக 94 என்ற எண் சேவை நிறுவனத்தின் குறையைக் காட்டுவதில்லை. வீட்டுக்குள் பார் என்று சொல்கிறது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ரவுட்டரின் கம்பித் துளைகளே 100 மெகாபிட் வகையாக இருப்பது. பெட்டியின் மேல் 1200 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் 867 ஆகிய இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். எந்த ஒரு கைப்பேசியும் இரண்டையும் சேர்த்துப் பெறுவதில்லை. அதே ரவுட்டரின் பின்புறத் துளைகள் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாதவையாக இருக்கலாம். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எல்லாத் துளையும் கிகாபிட்டா?" என்பதுதான். ஆன்டெனா எத்தனை என்பது பிறகு. இரண்டாவது காரணம் கேபிள்.

கேபிள்

ஈதர்நெட் 1973-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. வீடுகளில் பயன்படும் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு முறுக்கிய இணைகளாக இருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். 1999-இல் தரப்படுத்தப்பட்ட கிகாபிட் முறைக்கு நான்கும் வேண்டும். எட்டில் ஒரு கம்பி முனையில் சரியாகப் பதியவில்லை என்றால், இணைப்பு அறுந்துவிடாமல் அமைதியாக 100-க்கு இறங்கிவிடக்கூடும். விளக்கு எரியும், இணையமும் வரும். அதனால்தான் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படுவதில்லை.

கேட் 5இ வகைக் கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். கேட் 6 வகை, 55 மீட்டருக்குள் 10 கிகாபிட் வரை தாங்கக்கூடியது. நம் வீடுகளில் எந்தக் கேபிளும் 30 மீட்டரைத் தாண்டாது. எனவே கேட் 6 போதும். கேட் 7, கேட் 8 என்று அச்சிட்டு விற்கப்படுபவற்றுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது உலோகம். ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் சில, அலுமினியத்தின் மேல் மெல்லிய செப்புப் பூச்சுக் கொண்டவை. கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இவை எளிதில் ஒடியும், மின்தடையும் கூடுதல். கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் சூடேறும். முழுச் செப்புக் கேபிள் கையில் எடுத்தாலே கனம் தெரியும். சுவருக்குள் ஒருமுறை போன கேபிளை மாற்றுவது வாங்கும் செலவைவிடப் பெரிய செலவு.

முனை பொருத்துவதில் நிற வரிசை ஒன்று உண்டு. ஆரஞ்சுக்கோடிட்ட வெள்ளை, ஆரஞ்சு, பச்சைக்கோடிட்ட வெள்ளை, நீலம், நீலக்கோடிட்ட வெள்ளை, பச்சை, பழுப்புக்கோடிட்ட வெள்ளை, பழுப்பு. நடுவில் பச்சை இணை பிரிந்து நீல இணையை அணைத்துக்கொண்டிருப்பதைக் கவனிக்க. சிலர் இது ஏன் இப்படிக் குழப்பமாக இருக்கிறது என்று, பச்சை இரண்டையும் அடுத்தடுத்து, நீலம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிடுவார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி வைத்தால் மலிவான டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் கேபிள் வேலை செய்யாது, அல்லது விட்டுவிட்டு வேலை செய்யும். இரு கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பது ஒன்றின் இரைச்சலை மற்றது நீக்குவதற்காக. 3, 6 ஆகிய ஊசிகளில் ஒரே இணை வராவிட்டால் அந்தப் பயன் போய்விடுகிறது. டெஸ்டர் கம்பியின் தொடர்ச்சியை மட்டுமே பார்க்கும், முறுக்கைப் பார்க்காது. முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

புதிதாக வீடு கட்டுவோர், பூச்சு வேலைக்கு முன்பே நெட்வொர்க்குக்கென்று தனியாக ஓர் அங்குல பிவிசி பைப் போட்டுவிட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லாவிட்டால் மின்கம்பி போகும் பைப்பிலேயே இதையும் திணிப்பார். 230 வோல்ட் கம்பியும் நெட்வொர்க் கேபிளும் ஒரே பைப்பில் போவது இரைச்சலுக்காக மட்டுமல்ல, உயிர்ப் பாதுகாப்புக்காகவும் தவிர்க்க வேண்டியது. கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னால் இரண்டு, ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒன்று, மாடிக்கு இரண்டு, வாசல் கேமராவுக்கு ஒன்று என எல்லாம் ஓர் இடத்தில் வந்து சேர வேண்டும். அங்கே 8 துளை கிகாபிட் சுவிட்ச் ஒன்று போதும். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைத்தால் பின்னாளில் ஒளியிழை இழுக்கவும் உதவும். இவற்றுக்கு ஆகும் செலவு, வீட்டுச் செலவில் வாசற்கதவின் கைப்பிடி அளவுகூட இராது. கட்டிய வீட்டில் சுவர் உடைக்க மனமில்லாதவர்கள் சுவரோரம் கேசிங் பட்டை ஒட்டிக் கேபிள் இழுக்கலாம். அழகு கொஞ்சம் குறையும்.

வைஃபை

வைஃபையின் முதல் தரம் 1997-இல் வந்தது. அதன் உச்சவேகம் நொடிக்கு 2 மெகாபிட். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 ஜனவரியில் உரிமம் தேவையற்றதாக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018 அக்டோபரில்தான் அவ்வாறு முழுமையாகத் திறக்கப்பட்டது.

வைஃபையைப் புரிந்துகொள்ள வகுப்பறையே நல்ல உவமை. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காதுகொடுத்து, அமைதி வந்தபின் பேச வேண்டும். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே வரிசையில் இருந்தால், அவரும் நம் வகுப்பில் ஒரு மாணவர்தான். மெதுவாகப் பேசும் ஒரு பழைய கைப்பேசி, தொலைவில் நின்றுகொண்டு, எல்லாருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இணைய வகுப்பும் பெற்றோருக்கு அலுவலகக் கூட்டமும் நடந்தபோது, திட்டத்தின் வேகம் போதுமானதாக இருந்தும் குரல் துண்டுதுண்டாக வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். நேரலை வகுப்புக்கு 4 மெகாபிட் போதும். தேவைப்பட்டது குறித்த நேரத்தில் பேச ஒரு வாய்ப்பு. ஒரு கணினியைக் கம்பிக்கு மாற்றினால், அது பயன்பெறுவதோடு வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்கும் இடம் விடுகிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12.5 செ.மீ. நீளம் கொண்டது, சுவரைக் கடக்கும் திறன் சற்றுக் கூடுதல். ஆனால் ஒன்றோடொன்று மோதாத வரிசைகள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். நெருக்கமான தெருக்களில் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் அடைந்துகிடக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இதே இடத்தில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 செ.மீ.; வரிசைகள் நிறைய; வேகம் அதிகம். ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் களைத்துவிடும். இரும்புக் கம்பி வலை கொண்ட கான்கிரீட் தளத்தை ஊடுருவி மாடிக்குப் போவது இன்னும் கடினம். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அலைக்குச் சுவரைவிடப் பெரிய தடைகள். ரவுட்டரை பீரோவின் மேலேயோ தொலைக்காட்சிக்குப் பின்னாலேயோ வைக்கக் கூடாது. பூஜை அலமாரிக்குள் ஒளித்து வைத்திருப்பதையும் பார்க்கிறோம். திறந்த இடத்தில், தலை உயரத்தில் வைப்பதே சரி. ஆன்டெனா செங்குத்தாக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும். நுனியின் நேர் மேலே மிகக் குறைவு.

மாடிக்கு என்ன செய்வது? சுவர் பிளக்கில் மாட்டும் ரிப்பீட்டர் எளிய வழி. ஆனால் அது ஒரே அலையில் கேட்டு அதே அலையில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். மெஷ் எனப்படும் கூட்டு ரவுட்டர்கள் இதைவிட மேல். எல்லாவற்றையும்விட மேலானது, கீழிருந்து ஒரு கேபிளை மேலே இழுத்து அங்கே ஓர் அக்சஸ் பாயின்ட் வைப்பது. பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தால் அதையே பயன்படுத்தலாம். செய்ய வேண்டியவை மூன்று. அதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாமல் மாற்ற வேண்டும், முதலாவது 192.168.1.1 என்றால் இரண்டாவது 192.168.1.2 ஆகலாம். கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற வேலையை அதில் நிறுத்த வேண்டும். இரண்டு பேர் வீட்டு எண் கொடுத்தால் தபால் குழம்பும். கேபிளை அதன் வான் துளையில் செருகாமல் லேன் துளையில் செருக வேண்டும். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் கைப்பேசி மாடிப்படி ஏறும்போது தானாக மாறிக்கொள்ளும்.

மின்தடை, மழை, இடி

ரவுட்டரும் ஒளிக்கருவியும் சேர்ந்து 10 முதல் 20 வாட் வரைதான் எடுக்கும். இதற்கென்று விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் இருந்தாலும், மின்சாரம் போன கணத்தில் ரவுட்டர் அணைந்து மீண்டும் எழ இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால் இதைச் சேர்ப்பது நலம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தாழ்வான தெருக்களில் கருவிகளையும் அவற்றின் பிளக்கையும் ஜன்னல் மட்டத்துக்கு மேல் வைப்பதே தக்கது.

இடி வேறு வகை ஆபத்து. கேபிள் டி.வி. ஆபரேட்டர்கள் மொட்டைமாடி வழியே வீடு வீடாகச் செப்பு நெட்வொர்க் கேபிள் இழுத்த காலத்தில், ஐப்பசி மழையில் துளைகள் கருகுவது வழக்கம். நேரடியாக இடி விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட கம்பியில் மின்னழுத்தம் எழும். ஒளியிழை கண்ணாடி என்பதால் இதைக் கடத்தாது. எனவே மாடி வாடகைப் பகுதிக்கோ பக்கத்து வீட்டுக்கோ வெளிச்சுவர் வழியாகச் செப்புக் கேபிள் தொங்கவிடுவதைத் தவிர்த்து, படிக்கட்டு வழியே உள்ளே கொண்டு செல்ல வேண்டும். இரு தனிக் கட்டடங்களை இணைப்பதானால் ஒளியிழையே சரி. மொட்டைமாடிக் கேமராவின் கேபிளுக்கு எர்த் இணைப்புள்ள மின்னெழுச்சித் தடுப்பான் வேண்டும்.

பாதுகாப்பு

வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடவுச்சொல்லாகக் கைப்பேசி எண்ணை வைப்பது நம் பகுதியில் மிகப் பரவலான வழக்கம். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த எண் அது. நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், எளிதில் உடையாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல் வேறு. அதையும் மாற்ற வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் விருந்தினருக்கும் கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனிப் பெயரைத் திறந்துவிடலாம். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, தவறு நடந்தால் கேள்வி அவரிடம்தான் முதலில் வரும்.

கேமராக்கள் மீது தனிக் கவனம் தேவை. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டு பெரிய இணையத் தளங்களை முடக்கியது. கேமராவை வெளியிலிருந்து பார்க்க வேண்டி ரவுட்டரில் வாசல் திறந்துவிடும் பழக்கம் இதற்கு வழிவிடும். இப்போது பல சேவைகளில் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி பகிரப்படுவதால், அவ்வாறு திறந்தாலும் பயனில்லை. ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் அது பகிர்ந்த முகவரி. அந்நிலையில் கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கலாம், அல்லது மாதக் கட்டணம் செலுத்தித் தனி முகவரி பெற்று, வீட்டுக்குள் விபிஎன் அமைத்துப் பார்க்கலாம். இரண்டாவதில் வேலை அதிகம். ஆனால் வாசலில் வந்துபோவோரின் படம் வேறொருவரின் கணினியில் சேராது.